இயந்திரத்தை நம்பச் சொல்லாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள்!



ஒவ்வொரு தேர்தல் முடிவின்போதும் இரண்டு குரல்களைக் கேட்கிறோம். தோற்றவர், "இயந்திரத்தில் தில்லுமுல்லு செய்துவிட்டார்கள்" என்று புலம்புகிறார். வென்றவர், "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்" என்று கேலி பேசுகிறார். அடுத்த தேர்தலில் தோற்றவர் வென்று, வென்றவர் தோற்றால் வசனமும் இடம் மாறிவிடுகிறது. இந்தக் கூத்தைப் பல ஆண்டுகளாக நாம் பார்த்துச் சலித்துவிட்டோம்.

ஆனால் இந்த இருவருமே ஒரு கேள்வியை மட்டும் தொடுவதில்லை. இயந்திரம் பழுதானால் என்ன ஏற்பாடு? முடிவை அனுப்பும் தொடர்பு அறுந்தால் என்ன ஏற்பாடு? கூட்டிய கணக்கு தப்பாக இருந்தால் அதைக் கண்டுபிடிப்பது யார், எதை வைத்துக் கண்டுபிடிப்பது? இதைக் கேட்டால் "நீ சந்தேகப் பிராணி" என்கிறார்கள். "நாட்டின் மீதே உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்று மடக்கப் பார்க்கிறார்கள்.

கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பேசுகிறவர் முதலில் என்ன கேட்கிறார்? "ஜெனரேட்டர் இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார். அவருக்கு மின்வாரியத்தின் மீது பகையா? இல்லை. பந்தியில் ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது விளக்கு அணைந்தால் தன் மானம் போகும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வேளைச் சோற்றுக்கே இத்தனை முன்யோசனை செய்கிற நாம், ஐந்தாண்டு ஆட்சியை முடிவு செய்யும் நாளுக்கு அதே கேள்வியைக் கேட்டால் அது எப்படித் தேசத் துரோகமாகும்?

வெறும் வாதத்தோடு நிறுத்தாமல், நடந்த ஒன்றைச் சொல்கிறோம். கென்யா என்ற ஆப்பிரிக்க நாடு, ஒரு தேர்தலுக்கு அடுத்து இன்னொரு தேர்தலாக, இயந்திரத்திடம் அடிபட்டு, நீதிமன்றத்தில் குட்டுப்பட்டு, கடைசியில் பாடம் கற்றுத் திருத்திக்கொண்டது. அந்த வரலாற்றில் நமக்குப் படிப்பினை இருக்கிறது.

ரத்தத்தில் தொடங்கிய பாடம்

2007 டிசம்பரில் கென்யாவில் அதிபர் தேர்தல் நடந்தது. வாக்குகள் எண்ணப்பட்டு, சாவடிக் கணக்குகள் தலைநகர் நைரோபிக்கு வந்து சேரும் வழியில் எண்கள் மாறின என்று புகார் எழுந்தது. டிசம்பர் 30ஆம் தேதி மவாய் கிபாக்கி வென்றதாக அறிவித்து, அன்று மாலையே அவசர அவசரமாகப் பதவியேற்பும் நடத்தினார்கள். நாடு பற்றி எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். லட்சக்கணக்கானோர் வீடிழந்து அகதிகளானார்கள்.

பிறகு, தென்னாப்பிரிக்காவின் ஓய்வுபெற்ற நீதிபதி ஜொஹான் கிரீக்லர் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2008இல் அந்தக் குழு சொன்ன முடிவைக் கவனியுங்கள். யார் வென்றார் என்று உறுதியாகச் சொல்லவே முடியாத அளவுக்குக் கணக்கு கெட்டுக் கிடக்கிறது என்றது! அத்தனை உயிர்கள் போன பிறகு கிடைத்த பதில் இதுதான். இந்த நிலை மாற, வாக்காளர் பதிவையும் முடிவுகளை அனுப்பும் முறையையும் நவீனமாக்க வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது.

பரிந்துரை நல்லதுதான். ஆனால் "நவீனம்" என்ற சொல்லைக் கேட்டதும் அதிகாரிகள் எதை நினைத்தார்கள்? கருவி வாங்குவதை மட்டுமே நினைத்தார்கள். கருவி கைவிடும் நாளைப் பற்றி நினைக்கவில்லை.

எட்டால் பெருக்கிய கணக்கு

2013 மார்ச் 4ஆம் தேதி அடுத்த தேர்தல். கைரேகை வைத்து வாக்காளர்களைப் பதிவு செய்யும் கருவிகளுக்கான டெண்டர், முந்தைய ஆண்டு சர்ச்சையில் சிக்கி ரத்தானது. பிறகு கனடா அரசு வழியாகக் கடனில் வாங்கினார்கள். இந்த இழுபறியில் மாதங்கள் ஓடிவிட்டன. வாக்காளர் பதிவே 2012 நவம்பர் 19ஆம் தேதிதான் தொடங்கியது. முப்பது நாளில் முடிக்க வேண்டியதாயிற்று. வாக்காளரை அடையாளம் காட்டும் கருவிகள் அதைவிடத் தாமதமாக வந்தன. பயிற்சிக்கு நாள் இல்லை. சோதித்துப் பார்க்க நாள் இல்லை. ஆனால் தேர்தல் தேதி மட்டும் தள்ளிப்போகாது அல்லவா?

வாக்குப்பதிவு நாளில் என்ன நடந்தது? பல சாவடிகள் மின்சாரமே இல்லாத பள்ளிக்கூட வகுப்பறைகள். கருவிகளின் பேட்டரி தீர்ந்தது. சில இடங்களில் கடவுச்சொல் தெரியாமல் அலுவலர்கள் விழித்தார்கள். அச்சடித்த பட்டியலை எடுத்து வைத்துப் பெயர் பார்க்க வேண்டிவந்தது. மாலையில் முடிவுகளை அனுப்பும் அமைப்பும் முடங்கியது. தேசிய மையத்துத் திரையில் செல்லாத வாக்குகளின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. மக்கள் திகைத்தார்கள். பிறகு தேர்தல் ஆணையமே விளக்கம் சொன்னது: மென்பொருளில் ஒரு பிழை, செல்லாத வாக்குகளை எட்டால் பெருக்கிக் காட்டிவிட்டதாம்!

சகோதரர்களே, இந்தப் பிழை எப்படி வெளிப்பட்டது? காகிதப் படிவம் இருந்ததால் வெளிப்பட்டது. தொகுதி அதிகாரிகளைப் படிவங்களோடு நைரோபிக்கு வரவழைத்துக் கையால் கூட்டினார்கள். மார்ச் 9ஆம் தேதி உஹுரு கென்யாட்டா 50.07 சதவீத வாக்குகளோடு வென்றதாக அறிவித்தார்கள். இரண்டாம் சுற்று வேண்டாம் என்று முடிவு செய்தது அந்த மயிரிழைதான். அந்த மயிரிழையை நம்புவதா வேண்டாமா என்று நாடு பிளவுபட்டு நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், முடிவு செல்லும் என்று தீர்ப்பானது. ஆனால் மனதில் விழுந்த கறை போனதா?

இங்கே குற்றவாளி இயந்திரமா? இல்லை. பேட்டரி தீரும் என்பது கைப்பேசி வைத்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். கடைசி வாரத்தில் கருவியை இறக்கிவிட்டு, "எல்லாம் சரியாக நடக்கும்" என்று அறிக்கை விட்ட மனிதர்கள்தான் குற்றவாளிகள்.

சர்வரைத் திறக்காதவர்களுக்கு விழுந்த அடி

2017 ஆகஸ்ட் 8ஆம் தேதி மீண்டும் தேர்தல். இம்முறை அடையாளம் காண்பதற்கும் முடிவு அனுப்புவதற்கும் ஒரே கருவி. கருவி பழுதானால் என்ன செய்வது என்பதற்கு 2017இன் தொடக்கத்தில் சட்டத்திருத்தமும் கொண்டுவந்தார்கள். ஆனால் மாற்றுவழி என்ன என்பதில் கட்சிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. அந்த மாற்றுவழியே மோசடிக்கு வாசலாகிவிடும் என்று எதிர்க்கட்சி பயந்தது. அதிலும் நியாயம் உண்டு. வாசல் திறந்திருப்பது முக்கியமில்லை. அந்த வாசலில் எல்லோருடைய காவலும் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆணையம் ஓர் அறிவிப்பு செய்தது. மொத்தம் 40,883 சாவடிகளில் 11,155 சாவடிகளில் படம் அனுப்பப் போதுமான செல்போன் வலை இல்லையாம். நான்கில் ஒரு பங்குக்கும் மேல்! இது இரண்டு நாளுக்கு முன்பு தெரிய வேண்டிய செய்தியா? அதற்கும் முன்பு, ஜூலை இறுதியில், ஆணையத்தின் கணினிப் பிரிவில் முக்கியப் பொறுப்பில் இருந்த கிறிஸ் எம்சாண்டோ கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். நாடே நடுங்கிப்போன நேரம் அது.

தேர்தல் முடிந்தது. திரையில் எண்கள் ஓடின. ஆனால் அந்த எண்களுக்குச் சான்றான சாவடிப் படிவங்களின் படங்கள் பல வந்து சேரவில்லை. அவை முழுமையாக வருமுன்பே, ஆகஸ்ட் 11ஆம் தேதி முடிவை அறிவித்துவிட்டார்கள். ரைலா ஒடிங்கா உச்ச நீதிமன்றம் போனார். "சர்வர் பதிவுகளை மனுதாரர் பார்க்கட்டும், திறந்து காட்டுங்கள்" என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆணையம் முழுமையாகக் காட்டவில்லை.

2017 செப்டம்பர் 1ஆம் தேதி, தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையிலான அமர்வு, நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் அதிபர் தேர்தலையே ரத்து செய்தது. ஆப்பிரிக்காவில் அதுவரை நடந்திராதது. நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: தேர்தல் என்பது கடைசி எண் மட்டுமல்ல, அந்த எண்ணுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தீர்கள் என்பதும் சேர்ந்ததே தேர்தல். திறந்து காட்டச் சொன்னதைக் காட்ட மறுத்தால், மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் பொருள் கொள்ள வேண்டிவரும்.

அக்டோபர் 26ஆம் தேதி மறுதேர்தல். எதிர்க்கட்சி புறக்கணித்தது. பத்தில் நான்கு பேர்தான் வாக்களித்தார்கள். கோடிகளைக் கொட்டி வாங்கிய கருவி, நம்பிக்கையை மட்டும் வாங்கித் தரவில்லை.

கதவில் ஒட்டிய காகிதம்

இப்போது நல்ல செய்திக்கு வருவோம். 2022 ஆகஸ்ட் 9ஆம் தேதி தேர்தலில் கென்யா என்ன செய்தது? ஒவ்வொரு சாவடியிலும் எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 34ஏ நிரப்பப்படும். கட்சி முகவர்கள் கையெழுத்திடுவார்கள். ஒரு பிரதி சாவடிக் கதவில் ஒட்டப்படும். அதன் படத்தை எடுத்து அனுப்புவார்கள். 46,229 சாவடிகளின் படிவங்களை ஆணையம் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டது. பத்திரிகைகள் கூட்டின. கட்சிகள் கூட்டின. கல்லூரி மாணவர்களும் கூட்டிப் பார்த்தார்கள்.

வில்லியம் ரூட்டோ 50.49 சதவீதத்தில் வென்றார். இதுவும் மயிரிழைதான். ஏழு ஆணையர்களில் நான்கு பேர் முடிவை ஏற்க மறுத்துத் தனியாக நின்றார்கள். 2007ஆக இருந்தால் எத்தனை பிணங்கள் விழுந்திருக்கும்! ஆனால் இம்முறை எல்லோர் கையிலும் கணக்கு இருந்தது. செப்டம்பர் 5ஆம் தேதி தலைமை நீதிபதி மார்த்தா கூமே தலைமையில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக முடிவை உறுதி செய்தார்கள். நாடு 2007 போல் எரியவில்லை.

2013ஐவிட 2022இல் கருவி உயர்ந்ததுதான். ஆனால் நாட்டைக் காத்தது அந்த உயர்வு அல்ல. சாமானியன் கையில் சரிபார்க்கும் சான்று போய்ச் சேர்ந்ததே காத்தது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3ஆம் தேதி இதையே இலக்கணமாகச் சொன்னது: தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும். 2005 தேர்தலில் அங்கே பயன்படுத்திய வாக்கு இயந்திரங்கள் அந்தத் தேர்வில் தோற்றுப்போயின.

நமது வீட்டுக் கதை

"அது கென்யா, நம்முடையது வேறு" என்பார்கள். வேறுதான், ஒப்புக்கொள்கிறோம். நமது வாக்குப்பதிவு இயந்திரம் வலையில் இணைக்கப்படாதது என்று ஆணையம் சொல்கிறது. கென்யாவில் நடந்தது இங்கே அப்படியே நடக்காது. ஆனால் நமக்கும் ஒரு வரலாறு உண்டு. 1982இல் கேரளத்தின் பரூர் தொகுதியில் முதன்முதலாக இயந்திரத்தை வைத்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. கருவி முன்னால் வந்தது, சட்டம் பின்னால் வந்தது. 2004இல் நாடு முழுவதும் இயந்திரம் வந்துவிட்டது. வாக்காளர் ஏழு விநாடி பார்க்கும் ஒப்புகைச் சீட்டுக்கோ, 2013 அக்டோபர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டிவந்தது. அதாவது, ஜெனரேட்டர் கேட்க நாம் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது!

சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சாவடி என்றிருந்த சீட்டு எண்ணிக்கை, 2019இல் நீதிமன்றம் சொன்ன பிறகு ஐந்து சாவடி என்றானது. நமது தொகுதிகளில் ஏறத்தாழ 300 சாவடிகள் இருக்கின்றன. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மோசடிக்கு ஆதாரம் இல்லை என்றது. அதே தீர்ப்பில், சின்னங்களை ஏற்றும் கருவியை 45 நாள் முத்திரையிட்டு வைக்கவும், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் ஏழு நாளுக்குள் கேட்டால் ஐந்து சதவீத இயந்திரங்களைச் சோதிக்கவும் வழி செய்தது. தீர்ப்பை மதிக்கிறோம். ஆதாரமில்லாமல் குற்றம் சாட்டவும் நமக்கு விருப்பமில்லை.

ஆனால் ஆதாரம் எங்கே இருக்கிறது? அதைப் பார்க்கும் வழியை அகலமாக்குகிறீர்களா, அடைக்கிறீர்களா? 2024 டிசம்பரில் ஓர் உயர் நீதிமன்றம் வாக்குப்பதிவு வீடியோக்களைக் கொடுக்கச் சொன்னது. சில நாட்களிலேயே, டிசம்பர் 20ஆம் தேதி, தேர்தல் நடத்தை விதி 93ஐத் திருத்தினார்கள். வீடியோ போன்ற மின்னணுப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும் வழி சுருங்கியது. 2025 மே மாதம், வழக்கு இல்லாவிட்டால் அந்தப் பதிவுகளை 45 நாளில் அழித்துவிடலாம் என்று ஆணையம் அறிவுறுத்தியது. சாவடி வாரியான படிவம் 17சியை இணையத்தில் போடுங்கள் என்று 2024இல் கேட்டபோது, முகவரைத் தவிர மற்றவருக்குத் தரச் சட்டத்தில் கட்டாயம் இல்லை என்று ஆணையம் பதில் சொன்னது.

கென்யா கதவில் ஒட்டுகிறது. நாம் கதவைச் சாத்துகிறோம். பெரிய நாடு எது என்று நீங்களே சொல்லுங்கள்!

நம் பங்குக்கு நாம் என்ன செய்தோம்?

இனி கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆணையத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது.

படிவம் 17சி என்பது அந்தச் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கு. வாக்குப்பதிவு முடிந்ததும் அதன் சான்றிட்ட நகலை, அங்கே இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் சாவடித் தலைமை அலுவலர் தர வேண்டும். இது விதி. எந்த இயந்திர எண் எந்தச் சாவடிக்கு வந்தது, எத்தனை வாக்கு விழுந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தத்தோடு ஒப்பிட நம் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அது.

ஒரு தேர்தல் முடிந்த இரவில், நான் அனுப்பிவைத்த முகவர்களை வரச்சொல்லி 17சி நகலைக் கேட்டேன். பதினான்கு பேர் வந்தார்கள். நான்கு பேர் கையில்தான் நகல் இருந்தது. மூன்று பேர் மாலை ஐந்து மணிக்கே டீ குடிக்கப் போய்த் திரும்பவில்லை. மற்றவர்களோ, "அப்படி ஒரு காகிதம் இருக்கிறதா?" என்று என்னையே கேட்டார்கள். காலையில் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு நேரத்தில் போனவர்கள் பாதிக்கும் குறைவு. குற்றம் அவர்களுடையதா? இல்லை, பயிற்சி கொடுக்காமல் சட்டையில் அடையாள அட்டையைக் குத்தி அனுப்பிய என்னுடையது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மேடையில் இயந்திரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கியவன், கையில் கிடைக்க வேண்டிய காகிதத்தைக் கோட்டை விட்டிருந்தேன்.

நாலு ரூபாய்க் கடனையும் நோட்டில் எழுதி வைக்கிற வியாபாரிகள் நாம். வாக்கு என்பது மக்கள் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளாமல், தோற்ற பிறகு "இயந்திரம், இயந்திரம்" என்று கத்துவதில் என்ன நியாயம்?

என்ன செய்ய வேண்டும்?

ஆணையத்திடம் நாம் கேட்பது தெளிவானது. வாக்குப்பதிவு நாளிரவே எல்லாச் சாவடிகளின் 17சி படிவத்தையும் படமெடுத்து இணையத்தில் போடுங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாவடிகள் இருக்கின்றன, கஷ்டம் என்று சாக்குச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு சாவடியிலும் அலுவலர் இருக்கிறார், அவர் கையில் படிவமும் இருக்கிறது. புதிய கருவியையோ செயலியையோ தேர்தல் நெருக்கத்தில் புகுத்தாதீர்கள். புகுத்துமுன் மின்சாரமும் வலையும் இல்லாத சாவடியில் சோதித்து, தோற்ற சோதனைகளையும் சேர்த்து அறிக்கை வெளியிடுங்கள். கருவி பழுதானால் என்ன நடக்கும் என்பதை எல்லாக் கட்சிகளோடும் பேசி முன்கூட்டியே எழுதி வையுங்கள். வீடியோப் பதிவுகளை மறைக்காதீர்கள்.

நமது சகோதரர்களிடம் கேட்பதும் தெளிவானது. முகவராகப் போகிறீர்களா? வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது ஐம்பது வாக்குகளாவது போட்டுப் பார்க்க வேண்டும். அதை எண்ணி, பிறகு அழித்து, சீட்டுகளையும் வெளியே எடுத்துவிட்டார்களா என்று கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். இயந்திர எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் இயந்திரத்தை மாற்றினால் நேரத்தை எழுதிவையுங்கள், புதிய இயந்திரத்துக்கும் மாதிரி வாக்குப்பதிவு கேளுங்கள். 17சி நகலைக் கையில் வாங்காமல் சாவடியை விட்டு நகராதீர்கள். எண்ணும் மேசையில் உட்காரும் நம் ஆளிடம் அந்த நகல் போய்ச் சேர்ந்ததா என்று இரவே விசாரியுங்கள். நமது அண்டைச் சாவடியில் வேறு கட்சிக்காரருக்கு நகல் கிடைக்கவில்லை என்றால் அவருக்காகவும் குரல் கொடுங்கள். கணக்கு என்பது கட்சிச் சொத்து அல்ல.

வென்றாலும் இதைச் செய்யுங்கள், தோற்றாலும் இதைச் செய்யுங்கள். வென்றபோது கணக்குக் கேட்காதவனுக்கு, தோற்றபோது கணக்குக் கேட்கும் தகுதி இல்லை.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் அது 2013 கென்யா ஆகிவிடும். இந்த மாதமே உங்கள் ஊரில் பத்து இளைஞர்களைக் கூட்டுங்கள். ஒரு 17சி படிவத்தின் மாதிரியைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். எத்தனை பேர் சரியாக நிரப்புகிறார்கள் என்று பாருங்கள். நமது பலம் எவ்வளவு, பலவீனம் எவ்வளவு என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்!